சர்க்கரை என்றார், ஜீனி என்று சொல்லவில்லை

கால் வெந்தது எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஆக்சிலேட்டரை மிதிப்பது பழக்கம். ஒரு சித்திரை மாதப் பகலில் சிமெண்ட் ஆலை வாசலில் இறங்கினேன். "அண்ணே, காலப் பாருங்க!" என்று லோடுமேன் ஒருவர் கத்தினார். என்ஜின் சூட்டில் வலது உள்ளங்கால் கொப்பளித்து, பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று.

பத்து நாள் மஞ்சளை அரைத்துப் போட்டேன். புண் கறுத்து நாறியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு குச்சியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை.

"நரம்பு மரப்பு" (சூடு, குத்தல், வலி எதுவும் காலுக்கு உறைக்காமல் போவது) என்றார். "சர்க்கரை வந்து ரொம்ப வருஷம் ஆயிருக்கும். யாருமே சொல்லலையா?"

என் மனைவி செல்வி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சொன்னார்கள். மூன்று வருடம் முன்பே சொன்னார்கள். குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மாதான் சொன்னார். அவர் தெருவில் நுழைந்தால் ஆம்பிளைகள் நழுவிவிடுவோம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் ஊசி போடுகிறவரிடம் நமக்கென்ன வேலை என்ற எண்ணம், வேறென்ன! அன்று லாரிக்கு லோடு இல்லை. கடைசி மகளுக்குத் தடுப்பூசி போட வந்தவரிடம் மாட்டிக்கொண்டேன்.

கொல்லையில் நான் ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். "அண்ணே, தாகம் அதிகமா இருக்கா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?" என்று நேராகவே கேட்டார். கூச்சத்தில் எனக்குக் கோபம் வந்தது. "செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க, ரத்தம் பாத்துடலாம். அதுவரைக்கும் சர்க்கரைய நிறுத்துங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் பழுப்பாக இருக்கும் நாட்டுச்சர்க்கரை. டீயில் போடும் வெள்ளைக்கு ஜீனி என்று பெயர்.

"சர்க்கரை நான் எங்கங்க திங்கறேன்? பொங்கலுக்குப் பொங்கல்தான்" என்றேன். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட, அவர் போய்விட்டார்.

டீக்கடையில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். "நர்சம்மா சர்க்கரையத்தான் நிறுத்தச் சொன்னாங்க. ஜீனிய இன்னொரு கரண்டி போடுங்க மாஸ்டர்!" ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. சீட்டு லாரியில் சாமி படத்துக்குப் பின்னால் மூன்று வருடம் இருந்தது. நர்சம்மா அப்புறமும் இரண்டு முறை தேடி வந்தார். "லோடுக்குப் போயிட்டாருன்னு சொல்லு" என்று உள்ளிருந்தபடியே செல்வியிடம் சொன்னேன். என்ன திமிர் எனக்கு!

பெரிய ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பிரேக் எவ்வளவு அழுந்துகிறது என்று தெரியாத காலை நம்பி யார் லாரி கொடுப்பார்கள்? வண்டி ஓட்டுவது அத்தோடு முடிந்தது.

வீட்டுக்குக் கட்டு மாற்ற வந்தவர் அதே நர்சம்மா. இப்போது நான் எங்கே ஓடுவது? தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடிப்பக்கம் வைத்துத் துடைத்தார்.

"தப்பு என்னுதுண்ணே. பொங்கலுக்குப் பொங்கல்தான்னு நீங்க சொன்னப்பவே ஜீனின்னு சொல்லியிருக்கணும். நான் வேற ஊர்க்காரி, சர்க்கரைன்னே வாயில வந்துடுச்சு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பேசாமல் இருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வியும் பேசவில்லை. சில மாதத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்போது தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடியவனுக்கு இன்று ஒரு பாதத்தைப் பார்த்து முடிக்கவே கால்மணி நேரம் ஆகிறது. இல்லாத விரல் சில நாள் அரிக்கிறது, கை அங்கே போய்விட்டுத் திரும்புகிறது.

உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அவர் சீட்டு கொடுத்த அன்று சாயங்காலமே செல்வி கேட்டாள்: "ஏங்க, நர்சம்மா சொன்னது ஜீனியையுந்தான். தெரியுமில்ல?"

"தெரியும், போடி" என்றேன்.