திரும்பாத ஆக்ஸிஜன் திருகு

அம்மனை நம்பியவர்களே, முட்டாள்தனத்தில் என்னை மிஞ்சிய ஆளை ஆவடியில் நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஆக்ஸிஜனைப் பீய்ச்சி இரும்பை வெட்டுவது தொழிற்சாலையில் என் வேலை. அதனால் ஆக்ஸிஜனைப் பற்றி டாக்டரைவிட எனக்கே அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

எழுபத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழை. என் மனைவி கன்னியம்மாளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. இரட்டைக் குழந்தைகள். பெண் குழந்தை அன்று சாயங்காலமே போய்விட்டது. முத்தாபுதுப்பேட்டை இடுகாட்டில் சேற்றைத் தோண்டிப் புதைத்தேன். கையில் கனமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மிஞ்சிய பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் விலா ஒட்ட மூச்சிழுத்துக்கொண்டிருந்தான். நர்ஸோ ஆக்ஸிஜனைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூச்சுக்குத் தவிக்கிறான், கொறைக்கிறியே?"

"டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. வெளிய போ நைனா."

அவர் நகர்ந்ததும் சிலிண்டரைப் பிடித்தேன். தினமும் சிலிண்டர் திறக்கிற கை. "தாயே, இந்தத் திருகு திரும்பினால் போதும், தீச்சட்டி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு முறுக்கினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இரண்டு கையாலும் முறுக்கினேன். பிசகியது என் மணிக்கட்டுதான்.

டாக்டரம்மா வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"புள்ளைய வேக வைக்கப் பாத்தியே! ஆக்ஸிஜன் அளவுக்கு மீறினா நுரையீரலுக்குள்ள வெறிபிடிச்ச துகளா மாறி, தொட்டதையெல்லாம் அரிக்கும்பா. அதை அடக்குற சரக்கு உன் உடம்புல இருக்கு. ஏழு மாசக் குழந்தைக்கு இன்னும் சரியா ஊறல. சவ்வு வெந்து தழும்பாயிடும்."

இரும்பையே கரைக்கிறதை என் மகனுக்குள் ஊற்றப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்கு ஓடினேன். வேண்ட வார்த்தை வரவில்லை. நின்று அழுதேன்.

மார்கழியில் பையன் பெட்டியை விட்டு வெளியே வந்தான். இப்போதும் மழை வந்தால் அவன் நெஞ்சு விசிலடிக்கும். நான்கு எட்டு ஓடினால் உட்கார்ந்துவிடுவான். ஆனால் இருக்கிறான். அன்று முதல் அம்மன் சந்நிதியைத் தொழாமல் நான் வேலைக்குப் போனதில்லை. உங்களுக்கும் வழி அடைத்துப்போனால் அவளிடம் வாருங்கள். வார்த்தை வராவிட்டாலும் வாருங்கள்.

போன ஆடியில் தீச்சட்டி எடுத்து முடித்துவிட்டு, கன்னியம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாத்தியாமே, நான் கேட்டத ஆத்தா குடுத்துட்டா!"

"நீ கேட்டத குடுத்திருந்தா, புள்ள ஏதுய்யா?"