பின்சீட்டில் எழுநூறு கிலோமீட்டர்

போன சனிக்கிழமை பிற்பகல், தனுஷ்கோடியில், முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை ஒரு பைக்கிலிருந்து இறக்கினார்கள்.

விபத்து ஒன்றும் இல்லை. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது, அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்குத் திருப்பூரில் ஏறியவன். இறக்கிவிட்டவர்களில் ஒருவர் சும்மா போகாமல், "இந்த வயசுல இது தேவையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நல்ல பதில் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பைக் என்னுடையது இல்லை... என் மகளுடையது.

நந்தினிக்கு இருபத்தாறு வயது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் கேட்கிற பட்டனுக்கும் நூல் கலருக்கும் நாள் முழுக்கப் பதில் சொல்கிற வேலை. நான் டீ-ஷர்ட்டுக்குக் காலர் பின்னிக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருப்பவன். வாராவாரம் இந்தப் பத்தியில் யாரையாவது திட்டிவிட்டுப் போகிறவன். அது உங்களுக்கே தெரியும்.

மூன்று வாரம் முன்பு ஒரு சாயங்காலம் அவள் அந்த பைக்கோடு வீட்டுக்கு வந்தாள். கறுப்பும் நீலமுமாக, குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக். சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கத்தினேன். பிறகு ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. எதைச் சொல்வதானாலும் மனைவி வழியாகச் சொல்லி அனுப்பினேன். பத்தாம் நாள் மனைவி தோசைத் தட்டை டக்கென்று வைத்தாள்.

"ஏனுங்க, இனி எங்கிட்டச் சொல்லி அனுப்பாதீங்க. புள்ள பக்கத்து ரூம்லதான இருக்குது? நேராப் பேசி ஒரு முடிவு பண்ணுங்க."

அறைக்குள்ளிருந்து நந்தினியே வந்தாள்.

"அப்பா, ஒரு நாள் முச்சூடும் என்ற பின்னால உக்காந்து வாங்க. ராமேஸ்வரம் போயிட்டு வரலாம். அதுக்கப்புறமும் வித்துப்போடுன்னு சொன்னீங்கன்னா, வித்துப்போடறேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

சரி என்றேன். திங்கட்கிழமை பைக்கை விற்பது என்று அப்போதே மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? பெண் பிள்ளை பைக் ஓட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எனக்குப் பயம் வேறு. அவள் என் மகள். ஒரு தனியார் பஸ் சைடு கொடுக்கவில்லை என்று அவிநாசியிலிருந்து துரத்திப் போய், அதன் கதவை உதைத்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் கிடந்தவன் நான். அதை இந்தப் பத்தியிலேயே எழுதிப் பெருமை வேறு பட்டிருக்கிறேன். அந்தக் கோபம் அவளுக்கும் இருக்கும் இல்லையா? அந்தக் கோபத்தின் கையில் இவ்வளவு பெரிய என்ஜினைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்பது நாளும் நான் தூங்காமல் யோசித்தது இதைத்தான்.

அது கிடக்கட்டும். போவதென்று ஆனபின் ஏற்பாடு வேண்டுமே! பின்சீட்டைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கை அகலம். அதன்மேல் ஒரு மனிதன் உட்கார வேண்டுமாம்.

எங்கள் ஊரில் உறை போடாத பொருள் கிடையாது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக்கூட உறை. நானும் சீட்டை அளவெடுத்தேன். உள்ளே ஸ்பாஞ்ச், மேலே டிராக் பேண்ட் தைக்கிற பாலியெஸ்டர் துணி, சுற்றிலும் எலாஸ்டிக். பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்து நானே ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடித்தேன். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, பாருங்கள்!

தண்ணீர் மட்டுமா? நானும் நிற்கவில்லை.

தாராபுரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அவள் பிரேக்கைத் தொட்டால் போதும், சர்ரென்று வழுக்கிப்போய் அவள் முதுகில் மோதினேன். பின்னால் நகர்ந்து உட்காருவேன். அடுத்த பிரேக். மறுபடி சர்ர்... "என்ன எழவு சீட்டு இது? டிசைன் பண்ணுனவன் மனுசனா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டு வந்தேன். அவள் பாட்டுக்கு ஓட்டினாள்.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி முந்தி, குறுக்கே வந்து நின்றது. ஆள் ஏற்ற! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையை நீட்டி டிரைவரைத் திட்ட ஆரம்பித்தேன்.

"கைய உள்ள வெய்ங்கப்பா. வண்டி ஆடுது."

"அவனச் சும்மா விடறயா? முறுக்கு! முன்னால போய்க் குறுக்க நிறுத்து!"

"போகட்டும் விடுங்க. அவருக்கு டைம் ஆயிருக்கும்."

ஹார்ன்கூட அடிக்கவில்லை. பஸ் கிளம்பும்வரை பொறுத்திருந்து, நல்ல இடைவெளி விட்டு, வலது பக்கம் பார்த்து, அலுங்காமல் முந்தினாள். இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது? என் பக்கத்துச் சொந்தத்தில் ஒருவரிடமும் கிடையாது. அது நிச்சயம்.

திண்டுக்கல்லில் டீ குடிக்க நிறுத்தினோம். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்படியும் டீ தளும்பியது. மணிக்கட்டு இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன கண்ணு ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்ப்பா. நீங்க ஒவ்வொருக்காவும் வழுக்கி வந்து என்ற மேல விழுகறப்ப, உங்க வெயிட்டு பூராவும் என்ற கையிலதான் எறங்குது."

"கம்பெனிக்காரன் சீட்டு அப்படி..."

"சீட்டு நல்லாத்தானுங் இருக்குது. நீங்க தெச்ச உறைதான் வழுக்குது."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"காலைல அதை மாட்டறப்ப எவ்வளவு சந்தோசமா இருந்தீங்க! எப்படிங்ப்பா சொல்றது?"

உறையைக் கழற்றி டேங்க் துடைத்தோம். அதற்கு மிக நல்ல துணி.

அதன் பிறகு பைக்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. கால் வைக்கிற இடம் மேலே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. டிராஃபிக்கில் நின்றால் என்ஜின் சூடு காலில் அடிக்கிறது. மதுரையில் நான் ஒரு இட்லி மாதிரி வெந்தேன். ஆனால் மதுரை தாண்டிய பிறகு அந்த ரோட்டில் அது போன போக்கு! சத்தம் கூடவில்லை, உதறல் இல்லை, வளைவில் நம்மையும் சேர்த்து மெல்லச் சாய்த்துக்கொண்டு போகிறது. பிரேக் பிடித்தால் நிற்கிறது. என் ஸ்கூட்டர் அதைப் பற்றி முதலில் யோசிக்கும்.

பாம்பன் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. வண்டி ஒரு முழம் தள்ளிப் போனது. கடல் கீழே. நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க. அசையாம எம்மேல சாஞ்சுக்குங்க."

சாய்ந்துகொண்டேன். ஒருவர் சொல்லி நான் பேச்சை நிறுத்தியது, நினைவு தெரிந்து, அதுதான் முதல் தடவை.

தனுஷ்கோடியில் என்னை இறக்கிவிட்ட கதைதான் தெரியுமே. கால் கொஞ்சம் நீட்ட வந்த பிறகு பொரித்த மீன் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஏங்கண்ணு, உனக்குக் கோவமே வராதா?"

"வருமுங்க. வண்டிய ஸ்டாண்டு போட்டதுக்கப்புறம் வரும்." சிரித்தாள். பிறகு முள்ளை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஆபீஸ்ல பையர் கத்துவான். ஊட்டுல நீங்க கத்துவீங்க. இதுல ஏறுனாத்தான் யாரும் கத்தாம சித்த நேரம் இருக்கேன்."

அந்த ஒரு இடத்துக்கும் நான் ஏறிவந்து திண்டுக்கல்வரை கத்தியிருக்கிறேன்!

மீனில் முள் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அன்று இரவு ராமேஸ்வரத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது தாராபுரத்துக்கு முன்னால் நேர் ரோடு. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியைக் கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள் போல. ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். சொன்ன வார்த்தைதான்.

நான் முன்னால் ஏறினேன். எப்படி இருக்கிறதென்று பார்க்கத்தான். என்ன வண்டி! முறுக்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி... ஒரு கிலோமீட்டர் சொர்க்கம். அப்போது ஒரு தேங்காய் லோடு வேன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது. "டேய்...!" என்று நான் முறுக்கிக்கொண்டு அதன் பின்னால் கிளம்பியதும், தோளில் இரண்டு தட்டு.

"ஓரமா நிறுத்துங்க."

"அவன் என்ன பண்ணுனான்னு..."

"நிறுத்துங்கப்பா."

நிறுத்தினேன். இறங்கி வந்து கையை நீட்டினாள். மணிக்கட்டில் இன்னும் அந்தச் சிவப்பு இருந்தது. சாவியைக் கொடுத்தேன்.

"வண்டி மேல தப்பு இருக்குதா சொல்லுங்க, நாளைக்கே வித்துப்போடறேன்" என்றாள்.

"வண்டி மேல இல்ல சாமி."

ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். திருப்பூர் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் மூன்று பேர் தப்பு செய்தார்கள். விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வால்பாறை போகிறாளாம். பின்சீட்டு காலியா என்று கேட்டு அவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தி போன் செய்தாள்... இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.