காதரின் காதோரம் தெரிந்த பாதை

மும்பை செம்பூரில் போட்டோகிராபர் என்று சொல்லிக்கொண்டு திரியும் ஐம்பது வயதுக்காரன் நான். போன மழைக்காலத்தில், தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் காதருடன் ஒரு மலைக்கோட்டைக்குப் போனேன். வழியெல்லாம் நான் முன்னால் தெரிந்த சிகரத்தையும் மேகத்தையும் எடுத்தேன். காதரோ திருப்பத்துக்குத் திருப்பம் செல்ஃபி எடுத்தார்.

“மலையப் பாக்க வந்தீரா, உம்ம மூஞ்சியப் பாக்க வந்தீராவே?” என்று கிண்டலடித்தேன்.

இறங்கத் தொடங்கியதும் மேகம் வந்து மூடிக்கொண்டது. பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் நின்றோம். தப்பான பாதையில் போனால் பள்ளத்தாக்குதான். முருகனைக் கூப்பிட்டேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டேன், சிக்னல் இல்லை. கேமராவில் இருந்த இருநூறு படங்களையும் புரட்டினேன். அத்தனையும் மேலே போகும் வழி!

“அழாதயும்வே. இப்பம் என் மூஞ்சியப் பாரும்” என்று காதர் போனை நீட்டினார்.

பார்த்தேன். அவர் முகத்துக்குப் பின்னால் நாங்கள் ஏறிவந்த பாதை, இறங்கும்போது எப்படித் தெரியுமோ அப்படியே இருந்தது. காதோரம் ஒரு வெள்ளைப் பாறை, அடுத்த படத்தில் தோளுக்கு மேல் வளைந்த மரம். ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து இறங்கினோம். அடிவாரத்து டீக்கடையைக் கண்டதும் முதல் டீயைக் காதருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பி நின்று, வந்த வழியை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றிலும் காதர் நிற்கிறார். நகரச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.