முகம் பார்க்காமல் கேட்டவர்

எங்கள் ஆசிரியப் பயிற்சி வகுப்பின் வாட்ஸப் குழுவில், காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்த சுகுணா அக்கா இறந்துவிட்டார். தேறிவருகிறார் என்று முந்தின நாள்தான் அதே குழுவில் எழுதியிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்னலை முடித்தேன். ஏன் இவ்வளவு இறுக்குகிறாய் என்று யாழினி கேட்டாள். ரிப்பன் வழுக்குகிறது என்றேன்.

அவளிடம் சொல்லத் துணியவில்லை. ஏழு வயதாகியும் எழுத்துக்கூட்டத் திணறும் என் மகள், சுகுணா அக்கா ஒருவரிடம் மட்டும்தான் பயமில்லாமல் வாசித்தாள். அடுத்த வருடமும் இரண்டாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இதுவும் தெரிந்தால் வந்த கொஞ்ச வாசிப்பும் நின்றுபோகுமோ என்று எனக்குப் பயம்.

அக்காவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் எழுதுகிறேன். எங்களோடு படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான்.

பட்டுக்கடையில் சேலை விரித்துப் போடும் வேலையை விட்டுவிட்டு, எங்களையெல்லாம்விட வயதில் மூத்தவராகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர் அவர். பிள்ளையார்பாளையத்தில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். குழந்தையின் மூளை எப்படிக் கற்கிறது என்பது எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைத்து யோசிக்கக்கூடியது கொஞ்சம்தான், அதற்குமேல் திணித்தால் முதலில் வந்தது நழுவிவிடும் என்று விரிவுரையாளர் விளக்கினார். அக்கா எழுந்தார்.

"அதுக்குத்தான் மேடம், நாலு பொடவைக்கு மேல விரிக்காதன்னு எங்க ஓனரு திட்டுவாரு. அஞ்சாவது விரிச்சா மொதல் பொடவ மறந்துடும். வந்தவங்க காப்பி குடிச்சுட்டு எழுந்து போய்டுவாங்க."

அன்றைக்கு விரிவுரையாளரும் சேர்ந்து சிரித்தார்.

பேச்சு தானாக வரும், வாசிப்பு அப்படி வராது, மூளை அதற்கென்று புதிதாக வழி போட வேண்டும் என்பதை நாங்களே உணர வேண்டுமென்று, இன்னொரு நாள் எங்கள் கையில் தெலுங்கு முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தோம். உங்களுக்கென்ன, தாய்மொழி, கடகடவென்று படித்துவிடுவீர்கள் என்று பின் பெஞ்சில் யாரோ கிண்டல் செய்தார்கள். அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறந்ததிலிருந்து வீட்டில் தெலுங்குதான். ஆனால் அவருக்கோ அவர் அப்பாவுக்கோ ஓர் எழுத்துகூடத் தெரியாது. படித்ததெல்லாம் தமிழில்.

"பேசற பாஷதான். எழுத்து மட்டும் என்னப் பாத்து மூஞ்சத் திருப்பிக்குது" என்றார்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் நிலை சரியாக இதுதான் என்றார் விரிவுரையாளர். நாங்கள் அந்தப் பாடத்தைத் தேர்வுக்காகப் படித்தோம். அக்கா மட்டும் விடாமல் தெலுங்கு வாசிக்கக் கற்றார். வகுப்பில் வாசிக்கச் சொன்னால், தெரிந்த எழுத்தும் வியர்வையில் போய்விடும். ஒருமுறை திரும்பி, "நீங்க பின்னால வந்து நின்னதும் எல்லாம் போய்ட்டுது மேடம். கொஞ்சம் அந்தப் பக்கம் போய் பேன் காத்து வாங்குங்க" என்றார். வீட்டில் மட்டும் எப்படி வருகிறது என்று நான் கேட்டேன். அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் தான் வாசிக்கும்போது அவர் தலை நிமிர மாட்டார், கதை பிசகினால் மட்டும் 'அப்படி இருக்காதும்மா' என்பார் என்று சொன்னார். பயம் வந்தால் யோசிக்க இடமில்லாமல் போகும் என்று நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அக்கா அதைத் தன் உடம்பில் படித்தார்.

பயிற்சி முடிந்து அவர் வாலாஜாபாத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனார். நான் வீட்டில் என் மகளோடு இருந்தேன். படித்தது எனக்குத் தைரியம் தரவில்லை, பயப்படப் புதுப்புதுக் காரணங்களைத் தந்தது. யாழினி ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டாலும், ஒரு வரியில் இரண்டுமுறை நின்றாலும், படித்த ஏதோ ஒரு குறைபாட்டின் பெயர் என் நெஞ்சில் ஓடும். அவள் புத்தகத்தைப் பார்ப்பதைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா பார்த்துவிட்டார். "நீ கொழந்தயப் பாக்கறியா, மூளையப் பாக்கறியா?" என்று கேட்டு, டீ போடு என்று என்னை உள்ளே அனுப்பினார். அதன்பின் வாராவாரம் முருங்கைக்கீரையோ பட்டாணியோ வாங்கிக்கொண்டு வருவார். தரையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே, பக்கத்தில் கிடக்கும் பிஸ்கெட் பாக்கெட்டைக் காட்டுவார்.

"இதுல என்னா போட்டுக்குது பாரு யாழினி. கண்ணாடி எடுத்துக்கினு வரல."

"உங்களுக்குத்தான் கண்ணாடியே கெடையாதே டீச்சர்."

"அதான் எடுத்துக்கினு வரல."

அவள் சிரித்துவிட்டு வாசிப்பாள். தப்பும் தவறுமாகத்தான். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

ஒருநாள் அவரை வழியனுப்ப வாசல்வரை போய், இவளுக்கு வந்துவிடுமா அக்கா என்று கேட்டேன். வந்துவிடும் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. "தெரியாதும்மா. சில கொழந்தைங்களுக்கு நாம குடுக்கறது பத்தாது, வேற உதவி வேணும். மே மாசம் வரைக்கும் பாப்போம். வரலன்னா சென்னைக்குக் கூட்டிக்கினு போய்க் காட்டலாம். நானும் வரேன்."

அவர் போனதிலிருந்து, அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு ஞாயிறு, டீச்சருக்கு ஊரில் வேலை என்று சமாளித்தேன். பிறகு ஒரு மாலை, பள்ளியிலிருந்து திரும்பும்போது, ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டிய சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. சிவப்புப் புடவையில் அக்காவின் படம். நான் பார்ப்பதற்குள் யாழினி பார்த்துவிட்டாள். டீச்சர் போட்டோ எதுக்கு இங்கே என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"க… கண்… கண்ணீ…"

அடுத்த எழுத்து என் உதட்டுவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கண்ணீர்" என்றாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "டீச்சர் செத்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"எப்ப?"

வீட்டுக்குப் போய்ப் பேசலாம் வா என்றேன்.

"இரும்மா. இன்னும் முடிக்கல."

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, எனக்குப் பின்னால் அவள் குரல் மெல்ல மெல்ல வந்தது. ஆசிரியை என்ற சொல்லில் இரண்டுமுறை இடறியது. ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். கீழே பொடி எழுத்தில் இருந்த அக்காவின் அண்ணன், அண்ணி பெயர்கள்வரை போய்க் குரல் நின்றது.

அவள் எவ்வளவு சரியாக வாசித்தாள் என்று எனக்குத் தெரியாது, அக்கா. நான் பார்க்கவில்லை, கேட்டேன். மே மாதம் வரட்டும். தேவைப்பட்டால் சென்னைக்கு நாங்கள் இருவர் மட்டும் போகிறோம். போய்வாருங்கள்.