கூரை இல்லாத படம்

அண்ணி லில்லிக் கிழங்கைப் பிரிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. தாய்க் கிழங்கில் ஒட்டியிருக்கும் குட்டிகளைக் கத்தி படாமல், கட்டை விரலால் நெம்பிக் கழற்றுவார். பால் பட்டுக் கை அரிக்கும். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார். இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பூந்தோட்டம்தான் அவருக்கு வேலை. அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போவார். நான் அதே தோட்டத்து ஆபீசில் கிளார்க். தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் அடைந்து கிடக்கும் லயத்தில் பிறந்தவனுக்கு நாற்காலி கிடைத்ததில் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பங்களாவில் கிழங்குகள் பெருகி மிஞ்சியதைக் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். அண்ணி அவற்றை லயத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதனால் ஓடையிலிருந்து மணல் சுமந்துவந்து வாசலோரம் மேடு கட்டி, கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டார். மரவள்ளியை விட்டுவைக்காத காட்டுப்பன்றி இதை மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், விஷக் கிழங்கு. வெயில் மாதத்தில் இலை பழுத்துச் சாய்ந்து, செத்தது போலக் கிடக்கும். மழை தொடங்கியதும் மொட்டைத் தண்டு எழும்பி, உச்சியில் நாலு சிவப்புப் பூ விரியும். காம்பு உள்ளே குழலாக இருப்பதால் மாலைக்கு ஆகாது. கோயில் திருவிழாவுக்குச் செம்பில் வைப்பார்கள்.

பூவுக்குப் பின்னால் இருந்த லயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரை முழுக்க ஓட்டைத் தகரம், அது பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும். மழை வந்தால் அண்ணி பிள்ளைகளின் பள்ளிப் பைகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மேசைமேல் சட்டி வைப்பார். இந்த நிலையில்தான் வீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவு காணியும் வீடும் என்றார்கள். "முன்னுக்கு லில்லி, பின்னுக்குக் கறிவேப்பில. நம்ம மண்ணுல, தம்பி" என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எந்த லயத்துக்கு வீடு தேவை என்று பார்க்க, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு படம் கேட்டிருந்தார்கள். எல்லாரும் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் நான்தான் போய் எடுத்தேன். லில்லி பூத்திருந்தது. கூரையைச் சேர்த்தால் படம் அசிங்கமாக இருந்தது. கிட்டப் போய், பூவும் சுண்ணாம்பு அடித்த சுவரும் மட்டும் விழும்படி எடுத்தேன். துரை பார்த்துவிட்டு, "ஹரி லஸ்ஸனய்" என்று சிங்களத்தில் சொல்லி முதுகில் தட்டினார். அழகு என்று துரை சொன்னதும் எனக்கு இனித்தது. இன்று அதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. லயம் பார்க்க வந்த அதிகாரி மழையையும் காலில் ஏறும் அட்டையையும் கண்டு ஆபீஸ் படியை விட்டு இறங்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே படங்களைப் புரட்டினார். எங்கள் லயம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதி, வீடு கொடுக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கீழ் லயத்துக்கு வீடு வந்தது.

படத்தில் பூ இருந்த கதை லயத்தில் பரவி, பழி அண்ணிமேல் விழுந்தது. "பூவ நட்டு எல்லாரு வாயிலயும் மண்ண போட்டுட்டாளே" என்று அவர் காதுபடவே பேசினார்கள். படத்தை எடுத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை, கோழை. அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அத்தனை கிழங்கையும் தோண்டி எடுத்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டேன்.

போன வருடம் பெல்மதுளையில் சொந்த வீடு கட்டினேன். அண்ணனும் அண்ணியும் இன்னும் அதே லயத்துக் காம்பராவில்தான். தகரத்தின்மேல் இப்போது நீலத் தறப்பாள். பால் காய்ச்சிய அன்று அண்ணி ஒரு பை நிறையக் கிழங்கோடு வந்தார். தகர டின்களில் நட்டு இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறார்.

"உங்களுக்குத்தான் மண்ணு இருக்கே தம்பி. கழுத்து மேல தெரியிற மாதிரி நடுங்க."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அண்ணாந்து பார்த்து, நல்ல கூரை என்றார். சாப்பிட்டு முடித்துப் படியிறங்கும்போது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"பூத்ததும் படம் எடுப்பீங்கதானே. இந்த வாட்டி கூரையையும் சேத்து எடுங்க தம்பி."