புறங்கையில் ஒரு தையல்சிட்டு

சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா. விடிந்ததும் நானும் மனைவியும் அங்கே போய்வரத் தொடங்கினோம். நான்கு சுற்று நடக்க வேண்டும். அவளோ இரண்டாவது சுற்றிலேயே அரசமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, எந்தக் கிளையில் என்ன பறவை கத்துகிறது என்று தேட ஆரம்பித்துவிடுவாள். செல்போனில் பறவைக் குரல்களைப் போட்டுக் கேட்டே ஒரு மாதத்தில் பண்டிதையாகிவிட்டாள்.

எனக்குத்தான் சங்கடம். காக்கை, குயில் கேட்கும். மதிலுக்கு வெளியே பஸ் ஹாரன் நன்றாகவே கேட்கும். சிட்டுகளின் கீச்சுக்குரல் மட்டும் காதில் விழாது. முப்பது வருடத் தறிச் சத்தமா, வயதா, தெரியவில்லை. சொன்னால் காது டாக்டரிடம் இழுத்துப் போவாள். அதைவிடப் பெரிய பயம், காது கேட்காதவன் எதற்கு என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்பது. நான் தறியில், அவள் நூல் சுற்றுவதில் என்றே காலம் போயிருந்தது. அவளோடு சும்மா உட்காரக் கிடைத்தது அந்த அரைமணி நேரம்தான். அதை இழக்க எனக்கு மனமில்லை.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். பறவை கத்தினால் அவள் புருவம் உயரும். உடனே நானும் தலையாட்டிவிடுவேன். பல நாள் இப்படியே ஓடியது.

ஒருநாள் புருவம் உயர்ந்தது. "தேன்சிட்டுதானே? நல்லா கத்துது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணும் கத்தலைங்க. ஒரு வாரமா என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருக்கீங்க."

மறுநாள் காலை வீம்புக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவள் என் செருப்பையும் எடுத்து வாசலில் போட்டுவிட்டு வந்து எழுப்பினாள். காது டாக்டரைச் சனிக்கிழமை பார்க்கலாம், இப்போது கிளம்புங்கள் என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புறங்கையில் ஒரு விரலால் தட்டினாள். விடாமல், ஒரே சீராக. பிறகு எதிரிலிருந்த செடியைக் கண்ணால் காட்டினாள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தத் தையல்சிட்டு. அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பும் அவள் விரலும் ஒன்றாகப் போவது புரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சற்று நேரத்தில் சிட்டு மதிலைத் தாண்டிப் பறந்துபோனது. நான் பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தட்டிக்கொண்டேயிருந்தது. நானும் தலையாட்டிக்கொண்டேயிருந்தேன்.