விலத்திக்கொண்டு போனவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சுவிஸில் துன் நகருக்கு மேலே ஒரு மலைச்சரிவில், பனிக்குள் கால் புதைய நின்றிருந்தேன். சாரணப் பிள்ளைகளின் சறுக்குவண்டிப் போட்டி. என் மகள் மதுராவும் ஓடினாள்.

விறகு, கூடாரத் துணி, கயிறு எல்லாம் ஏற்றிய வண்டியை ஒவ்வொரு குழுவும் காட்டுப்பாதையில் இழுத்து வரவேண்டும். இடையில் நின்று நெருப்பு மூட்ட வேண்டும், முதலுதவி செய்துகாட்ட வேண்டும்... காட்டில் அகப்பட்டாலும் தப்பிக்கொள்ளப் பழக்குகிறார்களாம். நல்ல விஷயம்தானே?

பாதி வழியில் மதுராவின் குழு இரண்டாவது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வின்டர்தூரிலிருந்து எங்களோடு வந்த சிவநேசன் அண்ணையின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவருடைய மகன் அருணின் குழு மூன்றாவது.

ஆனால் முதலில் வந்து சேர்ந்தது அருணின் வண்டி. பிறகு இன்னொன்று, இன்னொன்று... மதுராவைக் காணவில்லை.

கடைசியாக வந்தார்கள். வண்டியில் விறகு இல்லை. யாரோ ஒரு சிறுமி, கூடாரத் துணியால் சுற்றப்பட்டு அழுதுகொண்டு கிடந்தாள்.

"முன்னுக்குப் போன குழு அம்மா. இறக்கத்தில வண்டி பிரண்டு முறிஞ்சுபோச்சு. இவளுக்குக் கால் வீங்கிட்டுது. மற்றவை ஆள் தேடி ஓடிட்டினம். நாங்கள் விறகை இறக்கிப்போட்டு இவளை ஏத்தினனாங்கள்."

"பின்னால வந்தவை?"

"எங்களை விலத்திக்கொண்டு முன்னால போட்டினம்."

ஏற்றிய சாமானைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்று மதுராவின் குழுவைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். "மிக அழகான செயல். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே," என்றார் பொறுப்பாளர், சிரித்த முகத்தோடு. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பரிசளிப்பு. முதலுதவிக்கான பரிசும் அருணின் குழுவுக்கே. பிளாஸ்டிக் பொம்மையின் காலுக்கு மிக நேர்த்தியாகக் கட்டுப் போட்டார்களாம்.

திரும்பும்போது ரயிலில் சிவநேசன் அண்ணை மெதுவாகத் தொடங்கினார். "தங்கச்சி, பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்கோ. இந்த நாட்டில காயப்பட்டால் ஹெலிகொப்டரே வரும். நாங்கள் ஏன் மினக்கெடுவான்?"

அருண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்காவது உறுத்தியதே...

அவர்கள் எங்களுக்கு முந்தின நிலையத்தில் இறங்கிய பிறகுதான் மதுரா வாய் திறந்தாள்.

"அம்மா, வண்டியை நிப்பாட்டச் சொன்னது நான்தான். எங்கட குழுவில மற்றவைக்கு விருப்பமில்லை. அடுத்த வருசம் என்னைச் சேர்க்கமாட்டினமாம்."

"நீ நிப்பாட்டினது பிழை எண்டு நினைக்கிறியோ?"

"இல்லை. ஆனா அவையள் என்னோட கதைக்கினமில்லை."

அந்த 'இல்லை'யைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். அடுத்த வரிக்கு, அவளுடைய ஈரக் கையுறைகளைக் கழற்றிக் கைகளைத் தேய்த்துவிட்டேன்.

பிள்ளையை நல்லவளாக வளர்ப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை — பிறகு அவளுக்குக் கூட்டாளி தேடுவதுதான் கஷ்டம்.